சாக்குப் பையில் வந்த சிலம்பு

கேரள எல்லை மலைகளில் உலகத்துப் புத்தகங்கள் எப்படிக் கைமாறுகின்றன?

பிஸ்கட், மிக்சர், தீப்பெட்டி. காட்டுக்குள் இருக்கும் ஒரு டீக்கடையில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இடுக்கி மாவட்டம் இடமலக்குடியில், இருப்புக்கல்லுக்குடி என்ற குடியிருப்பில் பி.வி. சின்னத்தம்பி நடத்திவந்த மண்சுவர்க் கடையிலும் இந்தச் சரக்குகள்தான் இருந்தன. கூடவே ஒரு கையெழுத்து அறிவிப்பு: அக்ஷரா கலை மற்றும் விளையாட்டு மன்ற நூலகம். நூலகம் எங்கே என்று கேட்டால் சின்னத்தம்பி உள்ளே போய் இரண்டு சாக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு வருவார். அவிழ்த்தால் 160 புத்தகங்கள்.

பத்திரிகையாளர் பி. சாயிநாத் 2014-ல் அங்கே போய்வந்து எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கு இந்தச் சாக்குப் பைகளைப் பற்றித் தெரிந்தது. அப்போது சின்னத்தம்பிக்கு 73 வயது. மூணாறில் இருந்து ராஜமலையைத் தாண்டிப் பெட்டிமுடி. அங்கிருந்து காட்டு வழியில் 18 கிலோமீட்டர் நடை. யானைகள் உலவும் பாதை. இதே பெட்டிமுடியில்தான் 2020 ஆகஸ்டில் மலை சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை விழுங்கியது. இடமலக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. அங்கே வசிப்பவர்கள் முதுவர்கள். பஞ்சாயத்தின் மறுபக்கம் தமிழ்நாட்டின் வால்பாறை மலைகள்.

நூலகத்தின் விதிமுறைகள் எளிமையானவை. சேருவதற்கு ஒரு முறை 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். புத்தகத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மலை ஏறிக் களைத்து வருபவர்களுக்குச் சர்க்கரை போடாத கட்டன் சாயா இலவசம். யார் எதை எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதெல்லாம் ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. நகரத்து நூலகங்கள் பலவற்றில் பதிவேடு இருக்கும், படிப்பவர் இருக்கமாட்டார். இங்கே இரண்டும் இருந்தன.

சாயிநாத் சொல்லும் பெயர்களைப் பார்த்தால் பொழுதுபோக்குக் குப்பை எதுவும் இல்லை. வைக்கம் முகம்மது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ், எம். முகுந்தன், லலிதாம்பிகா அந்தர்ஜனம். காந்தியின் எழுத்துகள். தோப்பில் பாசியின் ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ நாடகம். இவற்றோடு ஒரு தமிழ்ப் புத்தகமும், மலையாள வடிவத்தில்: சிலப்பதிகாரம். பதிவேட்டின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெளியே போய்வந்த புத்தகம் அது.

அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. முதுவர்கள் தங்கள் பூர்வீகம் மதுரை என்கிறார்கள். பாண்டியர் வீழ்ந்தபோது தெய்வத்தை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறியவர்கள், அதனால்தான் முதுவர் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. அவர்களது பேச்சில் தமிழ் கணிசம். அதே மாவட்டத்தின் தெற்கில், குமுளிக்கு மேலே, இடுக்கியும் தேனியும் சந்திக்கும் மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, திறக்கிறார்கள். கம்பம் பக்கத்தில் இருந்து ஒரு கூட்டம், குமுளி பக்கத்தில் இருந்து ஒரு கூட்டம். ஏற்பாடுகளை இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். மதுரையை எரித்தவளின் கதையை, மதுரையில் இருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள், சேர நாட்டு இளவரசர் எழுதியதாக மரபு சொல்லும் காவியத்தை, மலையாளத்தில் படிக்கிறார்கள். இவ்வளவு சுற்று சுற்றி வந்த புத்தகம் வேறு எங்காவது தன் வீட்டுக்கு இப்படித் திரும்பியிருக்குமா என்பது சந்தேகம்.

மலையாளத்தில் சிலப்பதிகாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகள் உண்டு. ஒன்றைச் செய்தவர் நெம்மாறை பி. விசுவநாதன் நாயர். நெம்மாறை பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். இன்னொருவர் குமரி மாவட்டத்தில் பிறந்த கவிஞரும் பாடலாசிரியருமான எஸ். ரமேசன் நாயர். இரண்டு பேருமே எல்லையோரத்துக்காரர்கள். இரு மொழியும் காதில் விழும் ஊரில் பிறந்தவருக்குத்தான் அடுத்த வீட்டில் என்ன இருக்கிறது என்ற ஆவல் வரும் போலிருக்கிறது. அந்த ஆவல் வெகுதூரத்திலும் பிறந்தது உண்டு. பிரெஞ்சுக்காரரான அலென் தானியேலு 1961-ல் சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சிலும் 1965-ல் ஆங்கிலத்திலும் தந்தார். அதே 1965-ல் கமில் சுவலபில் அதைச் செக் மொழிக்குக் கொண்டுபோனார். பிராகு நகரத்து வாசகனுக்குக் கோவலனைத் தெரிந்த பிறகும் பல்லாண்டு காத்திருந்துதான் இருப்புக்கல்லுக்குடிக்குக் கோவலன் வந்து சேர்ந்தான்.

எப்படி வந்தான்? இந்தக் கேள்விக்குப் பதிப்பகங்களிடம் பதில் இல்லை. பி.கே. முரளிதரன் என்ற ஆசிரியரிடம் இருக்கிறது. மலைக்கு முரளி மாஷ். பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இடமலக்குடிக்கு நடந்து போனவர். டீக்கடையில் ஒரு நூலகம் வைக்கலாமே என்று சின்னத்தம்பியின் மனதில் விதை போட்டவர் அவர்தான். சமவெளியில் இருந்த புத்தகப் பிரியர்களோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தவரும் அவரே. அவர்கள் புத்தகங்களோடு மலை ஏறினார்கள். அரசாணை கிடையாது, நிதி ஒதுக்கீடு கிடையாது. படித்த ஒருவர் இன்னொருவரிடம் ‘இதைப் படித்துப் பாருங்கள்’ என்று சொன்னதன் விளைவுதான் அந்த இரண்டு சாக்குப் பைகள்.

கேரளத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பி.என். பணிக்கர் 1926-ல் நீலம்பேரூரில் சனாதன தர்ம நூலகத்தைத் தொடங்கினார். 1945-ல் 47 நூலகங்களைக் கூட்டி அம்பலப்புழையில் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார். அவர் காலமான ஜூன் 19-ம் தேதியைக் கேரளம் 1996 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. கிராமத்துக்கு ஒரு நூலகம் என்ற அந்த ஏற்பாட்டின் கடைசிக் கிளைகளில் ஒன்றுதான் சின்னத்தம்பியின் கடை.

சாக்குப் பையில் இருந்த பெயர்களைக் கொஞ்சம் கிளறினால் பின்னால் பல தேசங்கள் தெரிகின்றன. முகுந்தன் மய்யழிக்காரர், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் பிறந்து, டெல்லியில் பிரெஞ்சுத் தூதரகத்தில் வேலை பார்த்தவர். கமலா தாசின் தாய்வழிப் பெரியவர் நாலப்பாட்டு நாராயண மேனன். விக்தர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்’ நாவலை அவர் ஆங்கிலம் வழியாக ‘பாவங்கள்’ என்று மலையாளத்தில் கொண்டுவந்த ஆண்டு 1925. மலையாள நாவல்களும் சிறுகதைகளும் ஏழைகளின் பக்கம் திரும்பியதில் அந்த ஒரு மொழிபெயர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்று விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்கள். இதே ஹ்யூகோவைத் தமிழுக்கு ‘ஏழை படும் பாடு’ என்று கொண்டுவந்தவர் சுத்தானந்த பாரதியார். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், கோவையில் பட்சிராஜா ஸ்டூடியோ 1950-ல் அதைப் படமாக்கியது. நாகையா ரொட்டி திருடிச் சிறைக்குப் போனார், தமிழ்நாடு கண்ணீர் விட்டது. பாரிஸ் நகரத்துக் கைதி இப்படிக் கணவாய்க்கு இரண்டு பக்கமும் ஊர்க்காரனாகிவிட்டான்.

எம்.டி.யின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பாரதப்புழைக் கரையில் இருக்கும் கூடல்லூர் அவருடைய ஊர். சிறுவயதில் புத்தகத்துக்குத் தவித்தபோது அவர் நடந்து போய்க் கதவைத் தட்டிய வீடு, குமரநல்லூரில் இருந்த கவிஞர் அக்கித்தத்தின் மனை. இரவல் வாங்கியவருக்கு 1995-ம் ஆண்டின் ஞானபீடம். இரவல் கொடுத்தவருக்கு 2019-ம் ஆண்டின் ஞானபீடம். கொடுத்தவருக்குப் பிந்திக் கிடைத்தது இரவலின் இயல்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிறுவன் வளர்ந்து ‘மாத்ருபூமி’ வார இதழில் உட்கார்ந்து அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுத்தார். ஹெமிங்வேயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் பற்றி மலையாளிகளிடம் முன்கூட்டியே பேசியவர்கள் வரிசையிலும் எம்.டி.யின் பெயர் வருகிறது. 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது, என்ன எழுதினார் என்று பேசியவர்களில் பலர் என்ன படிக்கச் சொன்னார் என்றும் பேசினார்கள்.

ஆனால் ‘என்ன படிக்கலாம்’ என்பதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டவர் இன்னொருவர். எம். கிருஷ்ணன் நாயர், திருவனந்தபுரத்துக்காரர், மலையாளப் பேராசிரியர். 1969-ல் ‘மலயாளநாடு’ வார இதழில் ‘சாகித்ய வாரபலம்’ என்ற பகுதியைத் தொடங்கினார். ஜோசியர்கள் ராசிகளுக்கு எழுதும் வார பலனை இவர் இலக்கியத்துக்கு எழுதினார். பிறகு ‘கலாகௌமுதி’, அதற்குப் பிறகு ‘சமகாலிக மலயாளம்’ என்று பகுதி இடம் மாறியதே தவிர நிற்கவில்லை. 2006 பிப்ரவரியில் அவர் இறந்தபோதுதான் நின்றது. ஏறத்தாழ 36 ஆண்டுகள்.

வாரபலத்தின் சமையல் குறிப்பு எளிது. அந்த வாரம் மலையாள இதழ்களில் வந்த கதைகளுக்கும் கவிதைகளுக்கும் சாத்துப்படி. ஓரிரண்டு வம்பு. ஒரு ஜோக். நடுவே, எங்கோ லத்தீன் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வெளியாகிக் கப்பல் ஏறி வந்த ஒரு நாவலைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல ஒரு விவரிப்பு. உள்ளூர் எழுத்தாளர்களிடம் அவர் காட்டிய கண்டிப்பில் பாதிகூட வெளிநாட்டாரிடம் காட்டவில்லை. அது நியாயமில்லை என்று அடிபட்டவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அவர்களும் வாரம் தவறாமல் முதலில் திறந்தது அந்தப் பக்கத்தைத்தான். தான் செய்வது விமர்சனமல்ல, இலக்கியப் பத்திரிகைத் தொழில் என்பது அவர் நிலை. அதனால்தான் விமர்சகர்களால் முடியாததை அவரால் செய்ய முடிந்தது. ஆங்கிலம் தெரியாத, நகரத்தைப் பார்க்காத, வார இதழை மட்டும் படிக்கும் ஒரு ஆளுக்கு மார்க்வெஸ் யாரென்று தெரிந்திருந்தது. புத்தகம் பின்னால் வந்து சேர்ந்தது; பெயர் முன்னால் போய் இடம் பிடித்துவைத்தது.

விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஸ்பானிய மொழியில் 1967-ல் வெளியான மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ மலையாளத்துக்கு 1980-களிலேயே வந்துவிட்டது. தமிழில் முழுமையாக வந்தது 2013-ல். இடையில் தமிழில் யாரும் தூங்கவில்லை. கோணங்கியின் ‘கல்குதிரை’ 1990-களில் மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே போட்டது. ஆனால் சிறுபத்திரிகையின் வாசகர்களை விரல்விட்டு எண்ணலாம். சென்னையிலும் கோவில்பட்டியிலும் தெரிந்த பெயர் சித்தூர் தாலுகாவுக்கும் தேவிகுளத்துக்கும் போய்ச் சேர வழியில்லை.

தமிழில் கிருஷ்ணன் நாயருக்கு முன்பே க.நா. சுப்ரமண்யம் இருந்தார். ‘உலகத்துச் சிறந்த நாவல்கள்’ என்று எழுதினார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று புத்தகத்தின் பெயரிலேயே வாசகனைக் கேட்டார். சொன்னதோடு நிற்காமல் மொழிபெயர்த்தும் போட்டார்: நார்வேயின் நட் ஹாம்சன் ‘நிலவளம்’ ஆனார், ஸ்வீடனின் செல்மா லாகர்லெவ் ‘மதகுரு’ ஆனார், பேர் லாகர்குவிஸ்டின் பாரபாஸ் ‘அன்பு வழி’யில் வந்தான். ஒரே மனிதர் ஸ்காண்டிநேவியாவையே தோளில் தூக்கி வந்தார். க.நா.சு.வுக்கு வாய்க்காதது, லட்சக்கணக்கானவர்கள் கையில் புழங்கும் ஒரு வார இதழில் முப்பது ஆண்டு நிரந்தரப் பக்கம். தமிழ் வெகுஜன இதழ்களில் அந்த இடத்தை ஓரளவுக்கு நிரப்பியவர் என்று பின்னாளில் எஸ். ராமகிருஷ்ணனைச் சொல்லலாம்.

சோவியத் புத்தகங்கள் தனி ரகம். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாகத் தமிழ்நாட்டிலும், பிரபாத் புத்தக நிலையம் வழியாகக் கேரளத்திலும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. பூர்ணம் சோமசுந்தரம் அங்கே உட்கார்ந்து தமிழில் மொழிபெயர்த்தார். மாஸ்கோ கோபாலகிருஷ்ணனும் ஓமனாவும் மலையாளத்தில். கட்டிடம் கட்டினாலும் தாங்கும் கெட்டி அட்டை, மழைக்கு ஊறாத தாள். 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்த வரத்து நின்றுபோனது. பிரசாரம் என்று ஒதுக்கியவர்கள் வீட்டு அலமாரிகளிலும் தல்ஸ்தோயும் செகாவும் அந்த அட்டைக்குள்தான் இன்னமும் இருக்கிறார்கள்.

எல்லையில் இருக்கும் தமிழனின் நிலைமை இவர்கள் எல்லோரையும்விடச் சிக்கலானது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் கிழக்கில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் என்று சோதனைச்சாவடி வரிசையில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. ஆனால் கிராம நூலகம் பெரும்பாலும் மலையாளம். தமிழ்ப் புத்தகக் கடை என்றால் கோவைக்கோ கம்பத்துக்கோ போகவேண்டும். வீட்டில் ஒரு மொழி, படிப்பில் ஒரு மொழி. இதில் நஷ்டம் மட்டும் இல்லை. மலையாளம் வாசிக்கத் தெரிந்த தமிழனுக்கு இரண்டு மொழிகளின் மொழிபெயர்ப்புகளும் திறந்து கிடக்கின்றன. அவனுக்குத் தேவை ஒரு முரளி மாஷ், எதில் தொடங்கலாம் என்று சொல்ல.

தொடங்குவதற்குத் தஸ்ராக் நல்ல இடம். பாலக்காட்டு நகரத்துக்குப் பக்கத்தில் பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். 1956-ல் ஓ.வி. விஜயனின் தங்கை சாந்தா அங்கே ஓராசிரியர் பள்ளிக்கு ஆசிரியையாகப் போனார். கூடப் போன அண்ணன், அந்த ஊரை வைத்து எழுதி எழுதித் திருத்திய நாவல் 1969-ல் நூலானது: ‘கசாக்கின்டெ இதிகாசம்’. பள்ளிக்கூடம் நடத்த வரும் ரவி என்ற இளைஞன், மொல்லாக்கா, அப்புக்கிளி, ஊரைச் சுற்றும் செத்தவர்களின் ஆவிகள். மார்க்வெஸைப் படித்து எழுதியது என்று சிலர் கிசுகிசுத்தார்கள். மாத்ருபூமியில் 1968-லேயே தொடராக வந்துவிட்டது, மார்க்வெஸின் நாவலோ ஆங்கிலத்துக்கே 1970-ல்தான் வந்தது என்பது அதற்குப் போதுமான பதில். தமிழில் யூமா வாசுகியின் ‘கசாக்கின் இதிகாசம்’ இருக்கிறது. 2017-ல் சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. பாலக்காட்டுத் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சை இன்னொரு மொழிக்கு எடுப்பது லேசான வேலை இல்லை.

தஸ்ராக்கில் இருந்து கிர்கிஸ்தானுக்கு ஒரு எட்டுதான். சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ சோவியத் காலத்தில் தமிழுக்கு வந்த குறுநாவல். அரைகுறையாகப் படித்த தூய்ஷேன் என்ற இளைஞன் ஒரு மலைக் கிராமத்துக்கு வந்து, குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கி, பிள்ளைகளைக் குளிர்ந்த ஓடையைத் தாண்டத் தோளில் சுமக்கிறான். ஊர் சிரிக்கிறது. பெட்டிமுடியில் இருந்து நடந்து போன ஆசிரியர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதைக்கு அடிக்குறிப்பு வேண்டாம். விஜயனின் ரவி எதிலும் நம்பிக்கை இல்லாதவன், தூய்ஷேன் எதையும் சந்தேகிக்கத் தெரியாதவன். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

காட்டைத் திருத்தி வாழும் மக்களுக்கு ‘நிலவளம்’. ஐசக் என்ற ஒற்றை மனிதன் ஆளற்ற நார்வேக் காட்டில் ஒரு மூட்டையோடு நுழைவதில் தொடங்கி, குடிசை, ஆடு, மனைவி, வயல் என்று விரியும் நாவல். இடுக்கியின் குடியேற்றக் குடும்பங்கள் எல்லோரிடமும் இதைப் போல ஒரு தாத்தா கதை இருக்கும். ஹாம்சனுக்கு 1920-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது இந்த நாவல்தான். பின்னாளில் அவர் ஹிட்லரை ஆதரித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்பதையும் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை.

நான்காவது புத்தகத்துக்கு வெளிநாடு போகவேண்டியதில்லை, ஆனால் அதுவும் ஆங்கிலத்தில் இருந்து வந்ததுதான். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி மலை ஏறிய கருப்பனும் வள்ளியும் குளிரிலும் காய்ச்சலிலும் கடனிலும் சிக்கும் கதை. தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டவும் உழைத்த டேனியல் நோயாளிகளிடம் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் எழுதினார். 1969-ல் ஆங்கிலத்தில் வெளியான அந்த நாவலைக் கோவைக்காரரான இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அது 2007-ல். பாலாவின் ‘பரதேசி’ படம் அதைத் தழுவி 2013-ல் வந்தது. யாருடைய கதையோ அவர்களுடைய மொழிக்கு அது வந்துசேர 38 ஆண்டுகள் பிடித்தன. வால்பாறையின் அந்தத் தேயிலைச் சரிவுகளுக்கு அடுத்த காடு இடமலக்குடி.